ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிள்

அந்த மோட்டார் சைக்கிள் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், திருட்டுப் போய்விட்டது என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். திருட்டுப் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். திருடனைத் திட்டலாம், போலீசைத் திட்டலாம், அப்புறம் மறந்துவிடலாம். என் வண்டியை விற்றவன் என் சிலம்ப ஜோடி. விற்றதுகூடப் பெரிதில்லை. அதற்கு அவன் செய்த வேலைதான் இன்றைக்கும் நெஞ்சை எரிக்கிறது. அதை எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அப்போது தாராவியில் ஒரு தோல் பட்டறையில் வேலை செய்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் அந்த வேலைதான். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறின தோலைத் தூக்கிப் போட்டு மயிர் சுரண்டுவது. எத்தனை சோப்புப் போட்டாலும் வாடை போகாது. ரயிலில் ஏறினால் பக்கத்தில் இருக்கிறவன் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்புவான். பழகிவிட்டது என்று சொல்லுவார்கள். எனக்குப் பழகவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

அந்தக் கோபத்துக்கு இருந்த ஒரே இடம் பட்டறைக்குப் பின்னால், தோல் காயப்போடும் பொட்டல். ஞாயிற்றுக்கிழமை அங்கே தோல் காயப்போட மாட்டார்கள். காலையில் நாங்கள் ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர் அங்கே சிலம்பம் ஆடுவோம். யாரும் வாத்தியார் இல்லை. ஊரில் கற்றுக்கொண்டு வந்ததை வைத்து ஒருத்தனுக்கு ஒருத்தன் ஆடிப் பார்த்ததுதான். அது மதக் கலவரங்கள் நடந்த காலம். தெருவில் கம்போடு போனால் போலீஸ் பிடித்துக்கொள்ளும் என்பதால் கம்புகளைப் பட்டறை ஷெட்டிலேயே சாய்த்து வைத்திருப்போம். கம்பு நுனியில் துணியைச் சுற்றிக் கரியில் தோய்த்துக்கொள்வோம். எவன் பனியனில் கரி அதிகம் விழுகிறதோ அவன் தோற்றான். ஆடுவதற்கு முன்னால் இரண்டு பேரும் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். மண்ணைத் தொட்டுவிட்டால் அண்ணன் தம்பியாக இருந்தாலும் நிஜ ஆட்டம்தான் ஆட வேண்டும். ஓங்கி அடிக்கக் கூடாது, வேண்டுமென்று விட்டுக்கொடுக்கவும் கூடாது. இரண்டுமே ஒரே குற்றம். எங்களிடம் இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

என் ஜோடி என் பக்கத்து ஊர்க்காரன். என்னோடு ஒரே கப்பலில் வந்தவன் என்று வேடிக்கையாகச் சொல்லுவான். வந்தது ரயிலில், அதுவும் கக்கூஸ் பக்கத்தில் உட்கார்ந்து. அவன் பள்ளிக்கூடப் படிப்பை முடித்திருந்தான். அதனால் தோலில் கை வைக்காமல் ஒரு கம்பெனி ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, மாட்டுங்காவில், வரிசையாக ஒற்றை ரூம்கள் உள்ள ஒரு சால் கட்டடத்தில், நாலு பேரோடு ஒரு ரூமில் குடியேறிவிட்டான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பொட்டலுக்கு வருவான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஷெட்டு ஆணியில் மாட்டிவிட்டுக் கம்பை எடுப்பான். அது எனக்குப் பிடித்திருந்தது.

யுத்தம் முடிந்ததும் ராணுவம் தேவையில்லாத வண்டிகளைத் தள்ளிவிட்டது. ஏலத்தில் எடுத்தவர்கள் கழிசல் வண்டிகளைக் குர்லா பக்கம் ஒரு காலி இடத்தில் கட்டைமேல் நிறுத்தி விற்றார்கள். அப்படி ஒரு மோட்டார் சைக்கிளை நாங்கள் இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். காக்கிப் பெயின்ட் உரிந்து, சீட்டு இல்லாமல், விளக்கு உடைந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எச்சில் ஊறியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஊறியது.

மாதக்கணக்கில் அதோடு கிடந்தேன். தெரிந்த மெக்கானிக்கைப் பிடித்து எஞ்சினைப் பிரித்துப் போட்டோம். சீட்டை நானே தைத்தேன். பட்டறையில் நல்ல எருமைத் தோலாகப் பார்த்து எடுத்து, எண்ணெய் போட்டு மிதித்து, இரட்டைத் தையல் போட்டேன். பெட்ரோல் அப்போது கூப்பனில்தான் கிடைக்கும். தாராவிக் குடிசைக்காரனுக்கு எவன் கூப்பன் கொடுப்பான்? ஆபீஸ் உத்தியோகம், மாட்டுங்கா விலாசம் என்றால் கிடைத்துவிடும். அதனால் வண்டி அவன் பேரில் பதிவாயிற்று. வண்டி அவன் சால் மாடிப்படிக்குக் கீழேயே நின்றது. நான் ஒன்றும் நினைக்கவில்லை. பேர் யாருடையதாக இருந்தால் என்ன, மண் தொட்டு ஆடுகிறவன் அல்லவா.

கூப்பனுக்குக் கிடைக்கிற பெட்ரோல் வாரம் ஒரு நல்ல ஓட்டத்துக்குத்தான் காணும். ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பது என்பதில் தகராறு வந்தது. மற்றவர்களாக இருந்தால் ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நான் என்று வைத்துக்கொண்டிருப்பார்கள். எங்களுக்குப் புத்தி அப்படிப் போகவில்லை.

"ஆடிப் பாத்துருவோம்லே," என்றான் அவன். "பனியன்ல எவனுக்குக் கரி கம்மியோ அவன் வண்டிய எடுத்துட்டுப் போட்டும்."

"சொன்ன சொல்லு மாற மாட்டியே?"

"மண்ணத் தொட்டுல்லா ஆடுதோம். பொறவு என்னலே சொல்லு?"

பொட்டலில் எல்லாருக்கும் குஷி. மோட்டார் சைக்கிளுக்குச் சிலம்பம் ஆடின கூட்டம் இந்தியாவிலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

முதல் சில வாரம் அவனும் ஜெயித்தான், நானும் ஜெயித்தேன். அப்புறம், மழைக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து, நானே ஜெயிக்க ஆரம்பித்தேன். வாராவாரம். அவன் வலது பக்கம் சுற்றி வரும்போது இடது தோள் காவலில்லாமல் திறந்துகொள்வதை நான் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த இடத்தில் நுனியை வைத்தால் கரி அப்படியே அப்பிக்கொள்ளும். பட்டறையில் தோலைத் தூக்குகிறபோதுகூட அந்த வீச்சை மனசுக்குள் ஆடிப் பார்ப்பேன். எனக்கு வாழ்க்கையில் நன்றாக வந்த ஒரே காரியம் அது. பொட்டலில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். நடையே மாறிவிட்டது.

அவன் தோற்றுவிட்டுப் பனியனைத் தட்டிக்கொண்டே சிரிப்பான். "போலே, போ. உனக்குத்தான் யோகம். செம்பூர் பக்கமாப் போ, அங்கன ரோடு நல்லாக் கெடக்கு. ஸ்டேஷன் தாண்டி ஒரு சாயாக் கடை உண்டு. அங்க நிறுத்தி எஞ்சின ஆறவிட்டுட்டுத் திரும்பி வா. சூட்டோட திருப்பினா எஞ்சின் கெட்டுரும்."

என் எஞ்சின் மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன்.

மாட்டுங்காவில் வண்டியை எடுத்து, சயான் தாண்டி, உப்பங்கழி ஓரமாகச் செம்பூர் போகிற அந்தச் சாலையை நான் எப்படிச் சொல்லுவது? அப்போது அங்கே வீடுகள் அதிகம் கிடையாது. மரமும் வயலும் ராணுவத்து பாரக்ஸும்தான். காற்று முகத்தில் அடிக்கும். அந்த வேகத்தில் என் உடம்பு வாடை எனக்கே தெரியாது. பின்னால் எங்கேயோ போய்விடும். மூக்கைச் சுளிக்க ஆள் கிடையாது. அது ஒன்றுக்காகத்தான் வாரம் முழுதும் அந்தத் தொட்டியில் கை விட்டேன்.

சாயாக் கடையில் நிறுத்துவேன். எதிரில் ஒரு சர்தார்ஜி கட்டட கான்ட்ராக்டர், மரச் சாமானும் இரும்புமாகக் குவித்து வைத்து அதன் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வண்டி வந்ததும் எழுந்து வருவார். சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். சீட்டைத் தடவுவார். "பகுத் அச்சி," என்று மெச்சுவார். "மேட்டு மேல ஏறுமா? ஏத்திக் காட்டு," என்று ஹிந்தியில் கேட்பார். எனக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? பாரக்ஸுக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏற்றிக் காட்டுவேன். இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டிக் காட்டுவேன். எஞ்சினை அணைத்து, ஒரே மிதியில் கிளப்பிக் காட்டுவேன். சாயாக் காசை அவரே கொடுத்துவிடுவார். நல்ல மனுஷன், வண்டி தெரிந்த மனுஷன் என்று பொட்டலில் வந்து சொல்லுவேன். என் ஜோடி கவனமாகக் கேட்டுக்கொள்வான்.

"என்ன சொன்னாரு? மேட்டுல ஏறினப்ப என்ன சொன்னாரு?"

"அசந்துட்டாருலே!"

"நல்லதா போச்சு," என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பொட்டலுக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று மாட்டுங்காவுக்கு நடந்து போனேன். சால் மாடிப்படிக்குக் கீழே வண்டி இல்லை. எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. மேலே ரூம் பூட்டியிருந்தது. அடுத்த ரூம் மாமி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என் வாடைக்கு முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் பேசினாள்.

"வண்டியா? நேத்திக்கே போயிடுத்தே. உசரமா, தாடி வெச்சுண்டு ஒரு சர்தார் வந்தார். உங்க சிநேகிதர்தான் பக்கத்துல நின்னு எல்லாம் காட்டிக் குடுத்தார். ஒழிஞ்சுது, அது போடற சத்தத்துல கொழந்தை தூங்கறதில்லே."

சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்கினேன். சாயாக் கடைக்கு எதிரில், இரும்புக் குவியலுக்குப் பக்கத்தில், என் வண்டி நின்றுகொண்டிருந்தது. நான் தைத்த சீட்டின் மேல் கோணியைப் போட்டு மூடியிருந்தார்கள்.

சர்தார்ஜிக்கு ஒரு கபடமும் இல்லை. என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகி நாற்காலியை இழுத்துப் போட்டார். "வா வா! இன்னைக்கு நடந்து வந்துட்டியா?" என்று சிரித்தார். பிறகு சாயா சொல்லிவிட்டு, தானாகவே எல்லாம் சொன்னார். மழைக்கு முன்னாலேயே பேச்சு முடிந்துவிட்டதாம். ராணுவத்தில் அடிபட்ட வண்டி, நம்பி வாங்க மாட்டேன் என்று இவர் சொன்னாராம். அதற்கு என் ஜோடி, "ஞாயிறுதோறும் என் ஆளை வண்டியோடு அனுப்புகிறேன், எப்படி வேண்டுமானாலும் ஓட்டச் சொல்லிப் பாருங்கள், திருப்தியானால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றானாம்.

"மேரா ஆத்மி," என்று அவன் சொன்னதை அப்படியே சொன்னார். அவனுடைய ஆள். கூலிக்கு ஓட்டிக் காட்டுகிறவன்.

"ஒரு ரவுண்டு போறியா?" என்று கோணியை எடுத்தார். அந்த மனுஷன் அன்பாகத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். சாயாவையும் குடிக்கவில்லை.

திரும்பி வரும்போதுதான் மண்டையில் உறைத்தது. வண்டியை விற்றுவிட்டானே என்றுதான் அதுவரை கொதித்துக்கொண்டிருந்தேன். குர்லாவில் ரயில் மாற நிற்கும்போது வேறு ஒன்று தோன்றியது. ஞாயிறுதோறும் என்னை அனுப்புவதாக அவன் எப்படி வாக்குக் கொடுத்தான்? நான் ஜெயித்தால்தானே நான் போவேன்? ஆடாத ஆட்டத்தில் எவன் ஜெயிப்பான் என்று மழைக்கு முன்னாலேயே ஒருத்தனால் எப்படிச் சொல்ல முடியும்?

பிளாட்பாரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு ரயில் போயிற்று.

சாயங்காலம் பொட்டலுக்குப் போனால் அவன் அங்கே இருந்தான். எங்கள் கூட்டத்து ஆட்களும் ஷெட்டு நிழலில் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் என்னைத் தேடித்தான் வந்திருந்தான். எழுந்து வந்து, என் பங்குப் பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து நீட்டினான். சரியாகப் பாதி, லாபத்திலும் பாதி. வாங்கிக்கொண்டேன். வாங்காமல் விட எனக்கென்ன பைத்தியமா?

"கல்யாணம் நிச்சயம் ஆயிருக்கு," என்றான். "தனி ரூமுக்குப் பகடின்னு முன்பணம் கேக்கான் வீட்டுக்காரன். கைல ஒண்ணும் கெடையாது. என்ன செய்யச் சொல்லுத?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியால?"

"கேட்டா விக்க விட்டுருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

இப்படிப் பதில் சொன்னால் மேலே என்ன பேசுவது? இருந்தாலும் நான் விடவில்லை. "வண்டி கெடக்கட்டும். அது இரும்பு. எங்கிட்டத் தோத்தியே, அது நெசமா?"

அவன் தரையைப் பார்த்தான். ஷெட்டு நிழலில் இருந்தவர்களும் பீடியைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்று.

"உங்களுக்கும் தெரியுமாலே?"

எங்களில் மூத்தவர், சுண்ணாம்புத் தொட்டியில் என் பக்கத்தில் நிற்கிறவர், மெதுவாகச் சொன்னார்: "இடது தோள அப்படித் தொறந்து போட்டு எவனாவது சுத்துவானாடே? பச்சப் பிள்ளைக்கும் தெரியும். நீ வண்டி மேல உசிரா இருக்க, அதான் பாசத்துல விட்டுக் குடுக்கான்னு நெனச்சோம். உங்கிட்டச் சொல்லி என்னத்துக்குச் சங்கடப்படுத்த?"

இன்னொருத்தன் சொன்னான்: "நீயும் சொகமாத்தானே போயிட்டு வந்த அண்ணாச்சி?"

சுகமாகத்தான் போய் வந்தேன். அதுதான் தாங்க முடியவில்லை. இத்தனை பேர் உட்கார்ந்து, வாராவாரம், நான் ஜெயிப்பதாக நினைத்துத் துள்ளுவதைப் பார்த்திருக்கிறார்கள். கை தட்டியும் இருக்கிறார்கள்.

ஷெட்டுக்குள் போய் இரண்டு கம்பைக் கரியில் தோய்த்து எடுத்துவந்து ஒன்றை அவன் காலடியில் போட்டேன். "ஆடு."

"வேண்டாம்லே. எதுக்கு இனி? வண்டி போயாச்சு."

"வண்டிக்கு ஆடல. ஆடு."

"மக்கா, சொன்னாக் கேளு."

"மண்ணத் தொடுலே."

காலடியில் கிடந்த கம்பை எடுத்தான். பிறகு வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நானும் தொட்டேன்.

அந்த ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது. அவன் வலது பக்கம் சுற்றி வந்தான். நான் வழக்கம்போல இடது தோளுக்குப் பாய்ந்தேன். அங்கே தோள் இல்லை, கம்பு இருந்தது. என் கம்பு தெறித்தது. திருப்பி எடுப்பதற்குள் மார்பில் கரி. காலை மாற்றி நின்றேன், விலாவில் கரி. கோபத்தில் ஓங்கி வீசினேன், அதை அவன் குனிந்து விட்டுவிட்டு முதுகில் ஒரு கோடு போட்டான். தெருவில் சாக்பீசால் சுவரில் கிறுக்குவதுபோல என் மேல் கிறுக்கினான். ஒரு அடியும் வலிக்கவில்லை. அவ்வளவு பதமாக ஆடினான். என் நுனி அவன் பனியனைத் தொடவே இல்லை. எத்தனையோ வாரம் அதே பனியனை நான் கறுப்பாக்கிவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

நடுவில் ஒரு தடவை அவன் கம்பு என் நெற்றிக்கு முன்னால் வந்து நின்றது. தொடாமல் நின்றது. அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது. எனக்கு அது வேண்டாம். அழுகிறவனை எப்படித் திட்டுவது?

"போதுமாலே?" என்றான்.

நான் கம்பைக் கீழே போட்டேன். அவன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, பொத்தானை நிதானமாக மாட்டிக்கொண்டு போனான். கல்யாணத்துக்குச் சொல்லி அனுப்பினான். நான் போகவில்லை. அதற்குப் பிறகு அவன் பொட்டலுக்கு வரவில்லை. மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு நாள் அவனையும் அவன் பெண்டாட்டியையும் எதிரே பார்த்தேன். அவன் நின்றான். நான் நிற்கவில்லை.

கேட்டிருந்தால் விற்க விட்டிருக்க மாட்டேன் என்று சொன்னேனே, அது உண்மைதான். சண்டை போட்டிருப்பேன். அவன் சண்டை போட்டே எடுத்துப் போயிருக்கலாம். பதிவு அவன் பேரில், என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. நிஜ ஆட்டம் ஆடி, ஜெயித்து, அவனே ஞாயிறுதோறும் ஓட்டிக் காட்டி விற்றிருக்கலாம். அத்தனை திறமை அவன் கையில் இருந்தது. அப்படிச் செய்திருந்தால் நான் வண்டியை மட்டும்தான் இழந்திருப்பேன். அவன் என் பங்கை ஒழுங்காகக் கொடுத்தான், என்னை வாரம் தவறாமல் சந்தோஷமாக வைத்திருந்தான், என் கையில் இருந்த ஒரே வித்தையை ஒன்றுமில்லாததாக ஆக்கிவிட்டுப் போனான். இதை யாரிடம் சொன்னாலும், "நல்லவன்தானேப்பா" என்கிறார்கள். அதனால்தான் திருட்டுப் போய்விட்டது என்று சொல்ல ஆரம்பித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் நான் பொட்டலுக்குப் போனேன். போகாவிட்டால் பயந்துவிட்டான் என்பார்கள். பட்டறையில் புதிதாகச் சேர்ந்த ஊர்க்காரன் ஒருத்தன், என்னைவிட இளையவன், நல்ல காலாட்டம் உள்ளவன், என்னோடு ஆட வந்தான். மண் தொட்டு ஆடினோம். கடைசியில் பார்த்தால் அவன் பனியனில்தான் கரி அதிகம்.

நான் போய் அந்தப் பனியனைக் கொத்தாகப் பிடித்தேன். "நெசமா ஆடினியால?"

"நெசந்தான் அண்ணாச்சி."

"பொய் சொல்லாத. விட்டுக் குடுத்தியா?"

"இல்ல அண்ணாச்சி, தோத்துட்டேன். கையை எடுங்க."

"மண்ணத் தொட்டுச் சொல்லு."

அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "மண்ணத் தொட்டுத்தானே அண்ணாச்சி ஆடினேன்?"

 அவன் பனியனை விட்டுவிட்டுக் கம்பை ஷெட்டில் சாய்த்தேன். அந்த மண் மேல் எனக்கு நம்பிக்கை போயிருந்தது. அது இல்லாமல் யாரோடு ஆடுவது?